வணிக நகரமும் வந்தோர் விடுதியும்

ஒரு வணிக நகரின் செல்வத்தை அறியக் கடைத்தெருவைப் பார்த்தால் போதும். அதன் உள்ளத்தை அறிய வேண்டுமாயின், அங்கு வந்தோர் இரவில் எங்கே தலை சாய்த்தனர் எனக் காணல் வேண்டும். ஈயத்தாலும் இரப்பராலும் வளர்ந்த ஈப்போ நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் அவ்வாறு நோக்குவோம்.

முதலில் ஐரோப்பிய எடுத்துக்காட்டு ஒன்று. ஜெர்மானிய நகரமான லூபெக்கைத் தலைமையாகக் கொண்ட ஹன்சா வணிகர் கூட்டணி, 14ஆம் நூற்றாண்டில் நார்வே நாட்டுப் பெர்கன் துறைமுகத்தில் தன் வணிகர்க்கெனக் குடியிருப்பு அமைத்தது. மரத்தாலான அக்கட்டடங்களில் பண்டகசாலையும் படுக்கையும் ஒருங்கே இருந்தன. அங்குத் தங்கியோர் மணவாழ்வின்றி இருத்தல் வேண்டும் என்பது விதி. தீக்கு அஞ்சி, அவ்வீடுகளில் நெருப்பு மூட்டவும் தடை இருந்தது.

இதற்கு ஒப்பானது நம் நகரத்தாரின் கிட்டங்கி. மலாயாவின் வணிக நகரங்களில் நீண்ட கூடத்தில் ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டியடியும் அலமாரியும் இருக்கும். பகலில் அங்கேயே வட்டிக்கடை, இரவில் அங்கேயே பாய் விரிப்பு, சமையல் பொது. மேலாளும் அடுத்தாளும் மனைவி மக்களைச் செட்டிநாட்டில் விட்டு வந்து, மூன்றாண்டுக் கணக்கு முடித்துத் திரும்பினர். ஈப்போவில் லகாட் சாலைப் பகுதி செட்டியார் கடைகளுக்குப் பெயர் பெற்றது.

மற்றொரு விடுதி புகைவண்டி நிலையத்தின் மாடியில் இருந்தது. ஆர்தர் பெனிசன் ஹப்பக் வரைந்த அந்நிலையம் 1914இல் தொடங்கி 1917இல் முடிந்தது. அதன் முகப்புத் தாழ்வாரம் ஏறத்தாழ 600 அடி நீளம். பின்னாளில் மூடப்பட்ட அவ்விடுதி, வசதி படைத்த பயணிகளுக்கே உரியதாயிருந்தது. 1930இல் தோட்டத்து ஆடவரின் வரையறுத்த நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாகவும், பெண்டிர் கூலி 40இலிருந்து 32 காசாகவும் குறைக்கப்பட்டது என்பதை நினைத்தால், தொழிலாளிக்கு அம்மாடி எத்துணைத் தொலைவு என்பது புலனாகும்.

தொழிலாளிக்குக் கிடைத்த தங்குமிடம் எது? நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்க்குப் பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவின் தொற்றுத்தடை முகாமே முதல் இருப்பிடம். பின்னர்த் தோட்டத்து லயம். ஹன்சா வணிகன் லூபெக்குக்குத் திரும்பினான். செட்டியார் காரைக்குடிக்குத் திரும்பினார். மாடியில் தங்கியவர் மறுநாள் வண்டியேறினார். தொழிலாளருள் ஊர் திரும்பியோர் உண்டு. திரும்பாதோர்க்கோ தங்குமிடமே வீடாயிற்று. அதிலே பிள்ளை பெற்றனர், பேரனைக் கண்டனர். எனினும் அவ்வீடு அவர்களுடையதன்று. வேலையுள்ளவரைதான் அவ்விருப்பிடம்.

இவ்வுண்மை 1950களிலும் 1960களிலும் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது வெளிப்பட்டது. வேலையிழந்தோர் கூரையையும் இழந்தனர். பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளரின் பங்குப் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்குவதே அதன் நோக்கம். கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் அவ்வாறு முதலில் வாங்கப்பட்டது. எல்லாத் தோட்டங்களையும் அச்சங்கத்தால் காக்க இயலவில்லை.

நிலையத்தின் வெண்மாடத்தைக் கண்டு வியப்பவர், பால்மரங்களிடையே நின்ற லயங்களையும் எண்ணுதல் வேண்டும். நகரின் செல்வத்தில் ஒரு பங்கு அங்கிருந்தும் வந்தது.