வெல்லாதவர்களின் கணக்கு: அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பும் பொழுதுபோக்கு ஆட்டக்காரர்களும்

அமெரிக்கச் சதுரங்கத்தின் வரலாற்றை எழுதுவோர் மார்ஃபியில் தொடங்கி மார்ஷல், ரெஷெவ்ஸ்கி வழியாக ஃபிஷரில் வந்து நிற்பார்கள். 1939 டிசம்பரில் இரண்டு அமைப்புகள் இணைந்து உருவான அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பை நடத்திவந்த சந்தாப் பணமோ வேறு ஆட்களிடமிருந்து வந்தது. அவர்கள் வாரம் முழுதும் வேலை பார்த்துவிட்டு சனி ஞாயிறில் ஆட வந்தவர்கள். எந்தப் பட்டமும் வெல்லப்போவதில்லை என்பதை அறிந்தவர்கள். அவர்களைச் சங்கத்தில் நிறுத்தி வைத்ததில் வாகையர்களின் புகழைவிட ஆட்டங்களை இணைசேர்க்கும் முறைக்கும் தரப்புள்ளிக் கணக்குக்கும் பங்கு அதிகம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் இணைசேர்க்கும் முறை. வெளியேற்ற முறையில் போட்டி நடத்தினால் வந்தவர்களில் பாதிப் பேர் முதல் சுற்றிலேயே வீடு திரும்ப வேண்டும். எல்லோரும் எல்லோருடனும் ஆடுவதென்றால் நாற்பது பேருக்கு 39 சுற்றுகள் தேவை. வேலைக்குப் போகிறவருக்கு அது நடக்காத காரியம். 1895இல் சூரிக்கில் முதன்முதலாகக் கையாளப்பட்ட சுவிஸ் முறை இந்தச் சிக்கலை அவிழ்த்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளியில் இருப்பவர்கள் மோதுவார்கள், யாரும் வெளியேற்றப்படுவதில்லை. நூறு பேர் வந்தாலும் ஏழு சுற்றில் முதலிடம் தெளிவாகிவிடும். மூன்று ஆட்டம் தோற்றவருக்கு நான்காவதில் தம்மைப் போன்ற ஒருவரே எதிரில் அமர்வார். இதனாலேயே, மேல்மட்டத்துக்கு வாகையரைத் தேடித் தரும் கருவியாக இருந்த இம்முறை, கீழ்மட்டத்துக்கு நுழைவுக் கட்டணத்துக்கேற்ற நல்ல ஆட்டங்களைத் தந்தது. 1940களின் பிற்பகுதியில் யு.எஸ். ஓப்பன் போட்டியே இதற்கு மாறியது. வெள்ளி இரவு தொடங்கி ஞாயிறு மாலை முடியும் ஐந்து சுற்றுப் போட்டி பின்னர் நாடெங்கும் வழக்கமானது.

அடுத்தது தரப்புள்ளி, நம் ஊரில் எல்லோரும் சொல்லும் ரேட்டிங். ஸ்காட்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கென்னத் ஹார்க்னெஸ் வகுத்த கணக்கைக் கூட்டமைப்பு 1950இல் நடைமுறைப்படுத்தியது. மில்வாக்கியில் இயற்பியல் பேராசிரியராக இருந்த அர்பாத் ஈலோ அதைப் புள்ளியியல் அடிப்படையில் திருத்தி அமைத்தார். 1960இல் அது ஏற்கப்பட்டது. ஈலோ கணக்கின்படி 200 புள்ளி கூடுதலாக உள்ளவர் நான்கு ஆட்டங்களில் ஏறத்தாழ மூன்று புள்ளிகள் எடுப்பார். ஆட்டக்காரர்களை 200 புள்ளி அகலமுள்ள வகுப்புகளாகப் பிரித்ததில் உள்ள பொருத்தம் இதுதான்: ஒரே வகுப்பில் இருக்கும் எவரும் எவரையும் வெல்லக்கூடும்.

இந்த எண் ஒரு கடைநிலை ஆட்டக்காரருக்கு என்ன செய்தது என்பதை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை என்றே நினைக்கிறேன். பரிசு என்பது சிலருக்கே கிடைக்கும். 1340இலிருந்து 1385க்கு ஏறுவது யாருக்கும் கிடைக்கலாம். நாற்பது வயதில் ஆடத் தொடங்கிய ஒருவருக்குத் தம் ஆட்டம் முன்னேறுகிறது என்பதற்கு நடுநிலையான சான்று அது. அதை வழங்கும் அதிகாரம் சங்கத்திடம் மட்டுமே இருந்தது. உறுப்பினர் சந்தாவின் உண்மையான மதிப்பு அங்கேதான் இருந்தது.

1972இல் ஃபிஷர் உலகப் பட்டம் வென்றதும் உறுப்பினர் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டித்தது. 1975இல் அவர் பட்டத்தைக் காக்காமல் ஒதுங்க, அலையும் அடங்கியது. பலரும் ஃபிஷர் அலையோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு 1973 முக்கியமாகப் படுகிறது. அந்த ஆண்டில் பில் கோய்ச்பெர்க் நியூயார்க்கில் தொடங்கிய வேர்ல்டு ஓப்பன், வகுப்புவாரியாகப் பெரிய ரொக்கப் பரிசுகளை வைக்கும் வழக்கத்தை வளர்த்தது. கிராண்ட்மாஸ்டர்களுக்கான பரிசுக்குத் துணைநின்றது கீழ்வகுப்பினர் கட்டிய நுழைவுக் கட்டணம். அவர்களுக்கும் பதிலுக்கு ஒரு பங்கு கிடைத்தது. கூடவே ஒரு கேடும் வந்தது. வேண்டுமென்றே தோற்று, ரேட்டிங்கைக் கீழே இறக்கி, தாழ்ந்த வகுப்பில் பரிசடிக்கச் சிலர் முனைந்தனர். ஒருவர் எட்டிய உச்சத்துக்கு ஏறத்தாழ 200 புள்ளிக்குக் கீழே அவர் எண் இறங்காதபடி கூட்டமைப்பு தடைக்கோடு போட்டது அதனால்தான்.

கடைநிலை ஆட்டக்காரருக்கும் ஓர் எண் வேண்டும் என்ற பாடத்தை உலகக் கூட்டமைப்பான ஃபிடே மிகத் தாமதமாகக் கற்றது. 1970இல் ஈலோ முறையை ஏற்றபோது அது வல்லுநர்களை மட்டுமே கணக்கிட்டது. ஆடவர் பட்டியலின் அடிக்கோடு 2200. அந்தக் கோடு படிப்படியாக இறங்கி 2012இல் 1000 ஆனது. தமிழ்நாட்டில் இன்று 1600க்குக் கீழிருப்பவர்களுக்கான 'பிலோ 1600' போட்டிகளுக்குப் பள்ளிச் சிறுவர்களும் அவர்களை அழைத்துவந்த பெற்றோரும் ஒருசேரப் பெயர் கொடுக்க முடிவது இந்த இறக்கத்தால்தான். ஆனால் கதவைத் திறந்தவர்கள் கணக்கைக் கவனிக்கவில்லை. வேகமாக முன்னேறும் சிறுவர்களின் எண், அவர்களுடைய உண்மையான பலத்துக்கு வெகுவாகப் பின்தங்கியது. அவர்களிடம் தோற்ற பெரியவர்களின் புள்ளியும் கரைந்தது. புள்ளியியலாளர் ஜெஃப் சோனாஸின் ஆய்வை ஒட்டி 2024 மார்ச்சில் ஃபிடே 2000க்குக் கீழிருந்தவர்களின் புள்ளியை ஒரே தடவையில் உயர்த்தியது: 1000 இருந்தவர் 1400 ஆனார், 1500 இருந்தவர் 1700. அடிக்கோடும் 1400க்கு ஏறியது. அதற்குக் கீழே இறங்குபவரின் பெயர் இப்போது பட்டியலில் இருப்பதில்லை. கணக்கு சீரானது என்பதில் ஐயமில்லை. ஆனால் கடைசிப் படியில் நின்றவர்களைப் பொறுத்தவரை 2012இல் கொடுத்த இடம் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டது என்றே சொல்ல வேண்டும்.

இதற்கிடையே ரேட்டிங் வழங்கும் தனியுரிமையும் சங்கங்களின் கையைவிட்டுப் போய்விட்டது. 2007இல் செஸ்.காம், 2010இல் லிசெஸ் என்று வந்த இணையத்தளங்கள் ஆட்டம் முடிந்த கணமே, கட்டணமின்றி, ஒரு எண்ணைத் தருகின்றன. எண்ணை மட்டும் விற்று ஓர் அமைப்பு இனி உறுப்பினரைச் சேர்க்க முடியாது. அமெரிக்கக் கூட்டமைப்பிடம் எஞ்சியிருப்பது, பயிற்சி பெற்ற போட்டி இயக்குநர்களின் மேற்பார்வையில் இரண்டு பேர் நேருக்கு நேர் அமர்ந்து ஆடும் ஆட்டம், அதோடு பள்ளிகள். 2017இல் நாஷ்வில்லில் நடந்த சூப்பர்நேஷனல்ஸ் போட்டிக்கு 5,000க்கும் மேற்பட்ட மாணவர்கள் வந்தார்கள். பள்ளி முடிந்ததும் அவர்களில் பெரும்பாலோர் விலகிவிடுவது கூட்டமைப்பின் பழைய கவலை. சிறுவர்களுக்கென்று கட்டிய ஏற்பாடுகளில் பாதியளவாவது, இருபத்தைந்து வயதில் வேலைக்கு நடுவே திரும்பி வர விரும்பும் ஒருவருக்காக இன்னும் கட்டப்படவில்லை.