வேலைக்காரி: பொய்ப்பெயரில் நுழைந்த நீதி

சத்தியமங்கலத்தில் என் வகுப்பில் அண்ணாவின் 'வேலைக்காரி'யைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி கேட்டாள்: "சரசா என்ன தப்புப் பண்ணினாள், ஐயா?" அன்று சட்டென்று விடை சொல்ல இயலவில்லை.

அந்தப் படம் நம் பக்கத்தில் உருவானது. கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில், ஜூபிடர் நிறுவனத்தாருக்காக ஏ.எஸ்.ஏ. சாமி இயக்கினார். கே.ஆர். ராமசாமிக்காக அண்ணா எழுதிய மேடை நாடகமே அதன் மூலம். சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் இயற்றப்பட்டது 1948இல், தி.மு.க. தோன்றியது 1949 செப்டம்பரில். இடையே, 1949 பிப்ரவரியில் படம் வெளியானது.

ஜமீன்தார் வேதாசல முதலியாரிடம் பட்ட கடனால் ஓர் ஏழை தூக்கிட்டுக்கொள்கிறார். அவர் மகன் ஆனந்தன், இறந்துபோன ஒரு செல்வந்தனின் சாயல் தனக்கிருப்பதைக் கொண்டு அவன் பெயரில் முதலியார் வீட்டு மருமகனாகிறான். ஜமீன்தாரின் மகன் மூர்த்தி விரும்பும் வேலைக்காரி அமிர்தமும் பின்னர் வேறொரு பெயரில், பணக்கார வீட்டுப் பெண்ணாக வருகிறாள். முதலியார் மனமுவந்து மருமகளாக ஏற்கிறார். பணம் என்பது ஒரு பெயர்தான் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

ஏறத்தாழ அதே காலத்தில் பிரிட்டனில் ஜே.பி. பிரீஸ்ட்லியின் 'அன் இன்ஸ்பெக்டர் கால்ஸ்' நாடகம் 1954இல் திரைப்படமாயிற்று. அங்கும் ஓர் ஏழையின் தற்கொலை. அங்கும் தான் அல்லாத ஒருவராகச் சொல்லிக்கொண்டு செல்வர் வீட்டில் நுழையும் ஒருவர். ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுந்ததென்று நான் கூறவில்லை. ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படுகிறது. அந்த 'இன்ஸ்பெக்டர்' குடும்பத்தினர் ஒவ்வொருவரிடமும் அவரவர் செய்ததையே கேட்கிறார். ஆனந்தனோ தந்தை செய்ததற்கு மகளை வதைக்கிறான்.

சரசா வேலைக்காரியிடம் கடுமை காட்டியவள்தான். ஆயினும் அவள் தண்டிக்கப்படுவது அதற்காக அன்று. முதலியாரின் மகளாகப் பிறந்ததற்காக. பிறப்பைக் கொண்டு மனிதரை மதிப்பிடாதே என்று முழங்கும் படம், அவளைப் பிறப்பைக் கொண்டே தண்டிக்க இடம் கொடுத்துவிடுகிறது.

இதனால் 'வேலைக்காரி'யின் பெருமை குறையாது. அரண்மனைக் கதைகளும் புராணங்களும் நிறைந்திருந்த திரையில், கடன்பட்டவனின் சாவைக் கதையின் தொடக்கமாக வைத்த துணிவு பெரிது. அந்தத் துணிவை மதிப்பவர்கள்தாம் மாணவியின் கேள்வியையும் கேட்க வேண்டும். அவளுக்கு என் விடை இதுதான்: சரசா செய்த தவறுக்கு அவளிடம் யாரும் கணக்குக் கேட்கவில்லை, செய்யாத தவறுக்கே கேட்டார்கள்.