மரத்தூளுக்கு விலை வந்த கதை

ஒரு காலத்தில் அமெரிக்காவின் ஒரிகான், வாஷிங்டன் மாநிலங்களில் மரம் அறுக்கும் மில்களை ஒட்டிக் கூடாரம் போல ஓர் இரும்புக் கூம்பு புகைந்துகொண்டிருக்கும். மரத்தை அறுத்தால் தூள், சீவல், பட்டை என்று பெரும்பங்கு கழிவாக விழும். வாங்க ஆளில்லாததால் கூம்பில் கொட்டிக் கொளுத்தினார்கள். 1970இல் தூய காற்றுச் சட்டம் கடுமையாகி, அந்தப் புகைக்கு நெருக்கடி வந்தது. 1973இல் அரபு நாடுகளின் தடையால் எண்ணெய் விலை எகிறியது. தலைவலியாக இருந்த தூள் எரிபொருளாகத் தெரிய ஆரம்பித்தது.

ஆனால் ஈரத் தூள் சரியாக எரியாது; லாரியில் ஏற்றினால் இடத்தை அடைக்கும். இதற்கு வழி மாட்டுத் தீவன ஆலையில் இருந்தது. மாவைத் துளைத்தகட்டில் அழுத்திக் குச்சிகளாக்கும் இயந்திரத்துக்குள், உலர்த்திய மரத்தூளைச் செலுத்தினார்கள். மரத்திலேயே உள்ள லிக்னின் என்ற பொருள் சூட்டில் இளகி, ஆறியதும் இறுகும். தனிப் பசை வேண்டாம். 1977இல் ரூடால்ஃப் கன்னர்மன் இந்த முறைக்குக் காப்புரிமை பெற்றார். சுண்டுவிரலைவிட மெல்லிய பெல்லட் இப்படித்தான் பிறந்தது.

அதைப் பெரிதாக வளர்த்தது ஐரோப்பா. 1991இல் சுவீடன் கார்பன் வரி போட்டது. மரத்துக்கு அந்த வரி இல்லை. 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கு இலக்கு வைத்து, மரத்தையும் அதில் சேர்த்தது. பிரிட்டனின் டிராக்ஸ் அனல்மின் நிலையம் 2013 முதல் தன் நிலக்கரி அலகுகளில் நான்கை ஒவ்வொன்றாகப் பெல்லட்டுக்கு மாற்றியது. அந்தப் பசிக்கு மில் தூள் மட்டும் போதவில்லை. அமெரிக்காவின் தென்மாநிலப் பெல்லட் ஆலைகள் காகிதக்கூழுக்குப் போகும் உருட்டு மரங்களையும் அரைத்தன.

இங்கேதான் கணக்கு இடிக்கிறது. ஒரே அளவு வெப்பத்துக்கு மரம் நிலக்கரியைவிடக் கூடுதல் கரியமில வாயுவை விடுகிறது. ஆனால் சர்வதேச விதிப்படி அது மரம் வெட்டிய நாட்டின் வனக் கணக்கில் ஏறும். எரித்த நாட்டின் மின்துறைக் கணக்கில் பூஜ்ஜியம். ஒரே வாயுவை இருமுறை எண்ணாமலிருக்க வகுத்த விதி இது. அந்தப் பூஜ்ஜியத்தை நம்பித்தான் டிராக்ஸ் போன்ற நிலையங்களுக்கு அரசு மானியங்கள் போயின.

உண்மையில், எரிக்காமல் விட்டிருந்தால் அந்த மரம் என்னவாகியிருக்கும் என்பதே கேள்வி. தூள் என்றால் சில ஆண்டுகளில் மக்கி, அதே வாயுவை விட்டிருக்கும். நிற்கும் மரம் என்றால் இன்னும் வளர்ந்து வாயுவை உள்ளிழுத்திருக்கும். வெட்டிய இடத்தில் கன்று நட்டாலும் அதை ஈடுகட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். பெல்லட் ஆனபின் இரண்டையும் பிரித்தறிவது கடினம். ஆகவே மானியம் தரும் அரசு பார்க்க வேண்டியது புகைபோக்கியை அல்ல, ஆலை வாசலில் வந்து நிற்கும் லாரியில் இருப்பது தூளா, மரமா என்பதை.