முடிந்த படம் யாருடையது? ‘வர்மா’வும் இயக்குநரின் உரிமையும்

2019 பிப்ரவரி 7 அன்று இ4 எண்டர்டெயின்மென்ட் நிறுவனம் ஓர் அறிக்கை விட்டது. இயக்குநர் பாலா எடுத்துக் கொடுத்த ‘வர்மா’ தங்களுக்குத் திருப்தியாக இல்லை, அதே நாயகன் துருவ் விக்ரமை வைத்து முதலிலிருந்து மீண்டும் எடுக்கப்போகிறோம் என்றது அது. தேனி மாவட்டத்துக்காரரான பாலா ஓரிரு நாளில் பதில் சொன்னார். படைப்புச் சுதந்திரம் கருதித் தானே விலகியதாகவும், அதற்கான ஒப்பந்தம் ஜனவரி 22-லேயே கையெழுத்தானதாகவும் அவர் தெரிவித்தார். கிரிசாயா இயக்கிய ‘ஆதித்ய வர்மா’ அந்த நவம்பரில் திரைக்கு வந்தது. ஒதுக்கப்பட்ட ‘வர்மா’வோ 2020 அக்டோபரில், இந்தியாவுக்கு வெளியே, இணையத்தில் வெளியானது. யார் யாரை விலக்கினார்கள் என்பது இங்கே இரண்டாம்பட்சம். படத்தைக் கைவிட்டதும் பின்னர் வெளியிட்டதும் உரிமையாளரின் முடிவுகள். அந்த முடிவுகளில் இயக்குநருக்குச் சட்டப்படி என்ன இடம் இருந்தது? ஏதுமில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இது புதிய வழக்கமல்ல. ஜெமினியின் ‘சந்திரலேகா’ (1948) டி. ஜி. ராகவாச்சாரி இயக்கத்தில் தொடங்கியது. அவர் விலகியதும் ஜெமினி அதிபர் எஸ். எஸ். வாசனே இயக்கி முடித்தார். ஏவி.எம்.மின் குடும்பப் படமான ‘களத்தூர் கண்ணம்மா’வை (1960) தொடங்கிய டி. பிரகாஷ் ராவ், அந்நிறுவன அதிபர் மெய்யப்பனுடன் கருத்து ஒத்துப்போகாமல் பாதியில் வெளியேற, ஏ. பீம்சிங் முடித்துக் கொடுத்தார். ‘பராசக்தி’யில் (1952) சிவாஜியின் மெலிந்த தோற்றம் மெய்யப்பனுக்குப் பிடிக்காமல், உடம்பு தேறிய பிறகு ஆரம்பக் காட்சிகளைத் திரும்ப எடுத்த கதை பலரும் அறிந்தது. இந்தத் தலையீடுகளால் சில படங்கள் மேம்பட்டதையும் மறுக்க முடியாது. ஆனால் அன்று முதலாளி படப்பிடிப்புத் தளத்திலேயே இருந்தார். ரஷ் பார்த்தார், காட்சிக்குக் காட்சி வாதிட்டார். முழுப் படமும் கைக்கு வந்தபின் அதை ஒதுக்குவது வேறு வகைச் செயல்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 2(டி), திரைப்படத்தின் படைப்பாளர் தயாரிப்பாளரே என்கிறது. படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் தார்மிக உரிமையைத் தரும் பிரிவு 57, ‘படைப்பாளருக்கு’ மட்டுமே உரியது. ஆகவே இயக்குநர் அந்த வாசலிலேயே நின்றுவிடுகிறார். 2010 திருத்த மசோதா முதன்மை இயக்குநரையும் கூட்டுப் படைப்பாளர் ஆக்க முன்வந்தது. 2012-இல் சட்டம் நிறைவேறியபோது அந்தப் பகுதி அதில் இல்லை. அதே திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத ராயல்டி பங்கைத் தந்தது. பிரிவு 38பி வழியாக நடிகருக்கும் தார்மிக உரிமை வந்தது. தேனி மாவட்டப் பண்ணைப்புரத்து இளையராஜா தம் பாடல்களுக்காக நீதிமன்றப் படியேற முடிகிறது. அதே மாவட்டத்து இயக்குநர் தம் படத்துக்காக ஏற வழியில்லை. பாட்டுக்கும் நடிப்புக்கும் உள்ள காப்பு, அவற்றையெல்லாம் கோத்து ஒரு படமாக்கியவருக்கு இல்லை என்பதற்கு என்னால் எந்த நியாயமும் காண முடியவில்லை.

முல்லைப் பெரியாறு பாயும் கம்பம் பள்ளத்தாக்கின் நெல்வயலில் குத்தகைக்கு உழுபவரைக்கூட 1955-இன் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. குத்தகையை ஒழுங்காகச் செலுத்தி வருபவரை நில உரிமையாளர் நினைத்தபடி வெளியேற்ற முடியாது. நிலம் தன்னுடையது என்பதாலேயே விளைச்சல் மீதான முழு அதிகாரமும் தனக்கில்லை என்பதை அவர் ஏற்றாக வேண்டும். இயக்குநருக்கு அத்தகைய ஒரு வரிகூட இல்லாததால், உரிமையையே கையில் வைத்துக்கொள்வதுதான் தற்காப்பு ஆனது. அல்லிநகரத்துப் பாரதிராஜா மனோஜ் கிரியேஷன்ஸ் தொடங்கினார். ‘பரதேசி’யும் ‘தாரை தப்பட்டை’யும் பாலாவின் சொந்த பி ஸ்டூடியோஸில் உருவானவை. ‘வர்மா’ பிறர் பணத்தில் எடுத்த படம். ஆனால் தானே தயாரிப்பது பெயரும் கடன் வாங்கும் வசதியும் உள்ளவர்களுக்கே இயலும். முதல் படம் எடுக்கும் இளைஞருக்கு அந்த வழி அடைத்தே இருக்கிறது.

வட்டிக்குக் கடன் வாங்கிப் பணம் போடுபவர் தயாரிப்பாளர், நட்டமும் அவருடையது, ஆகவே கடைசிச் சொல்லும் அவருடையதே என்பது எதிர்வாதம். அதன் பாதியை நான் ஏற்கிறேன். எந்தப் பதிப்பை விற்பது என்பதை அவர் தீர்மானிக்கட்டும். ஆனால் விற்கும் உரிமைக்குள் அழிக்கும் உரிமையும் அடங்கிவிடாது. பிரான்ஸில் இயக்குநரும் தயாரிப்பாளரும் ஒத்துக்கொண்ட பதிப்பே முடிந்த படம், அதன் மூலப்பிரதியை அழிக்கக் கூடாது. அமெரிக்கச் சட்டம் ஸ்டூடியோவின் பக்கம்தான். ‘சோலோ: எ ஸ்டார் வார்ஸ் ஸ்டோரி’யின் இரு இயக்குநர்களை 2017-இல் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே நீக்கி, ரான் ஹோவர்டை வைத்துப் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்தார்கள். அங்கேயும் இயக்குநர் தம் பதிப்பைத் தொகுத்துக் காட்டும் உரிமையை இயக்குநர் சங்கத்தின் ஒப்பந்தம் உறுதிசெய்கிறது. அந்த உரிமை நாடாளுமன்றம் தந்ததல்ல, சங்கம் பேரம் பேசிப் பெற்றது.

தமிழ்நாடு திரைப்பட இயக்குநர்கள் சங்கமும் தயாரிப்பாளர் அமைப்புகளும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் பொது ஒப்பந்தத்தில் மூன்று விதிகளைச் சேர்க்கலாம்: இயக்குநரின் பதிப்பு ஒன்று அழியாமல் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். மாற்றிய படத்திலிருந்து தம் பெயரை எடுத்துவிடக் கேட்கும் உரிமை அவருக்கு வேண்டும். கைவிட்ட படத்தைப் பின்னாளில் வெளியிடுவதானால் அவருடைய எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். பாரதிராஜா இயக்குநர், 2020-இல் உருவான நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கத்தின் தலைவராகவும் ஆனவர். இரு தரப்பின் கணக்கையும் அறிந்த அத்தகையவர்கள் இத்துறையில் இருக்கும்போது, இந்தப் பேச்சை நாடாளுமன்றத்தின் அடுத்த திருத்தம் வரை தள்ளிப்போட வேண்டியதில்லை.