பேணிப்பந்தும் லயத்து வாசலும்

மலையக வரலாறு எழுதுவோர் ஒப்பந்தங்களையும் சட்டங்களையும் தேடுவர். லயத்து வாசலில் அடுக்கிய ஏழு டின்பால் பேணிகளையும் அதில் சேர்க்க வேண்டும் என்பேன்.

ஹட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் நாங்கள் ஆடிய பேணிப்பந்து, தமிழகத்து ஏழாங்கல்லின் உறவு. கல்லுக்குப் பதில் வெறும் பேணி; கந்தல் துணியை இறுகச் சுற்றினால் பந்து. எறிந்து அடுக்கைச் சரித்தவர்கள், எதிரணியின் பந்து மேலில் படுமுன் அதைத் திரும்ப அடுக்கிவிட வேண்டும். ஓடுவதற்கு இஸ்தோப்புக்கும் கானுக்கும் இடையே சில அடி நிலம். அதற்கப்பால் தேயிலை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும், 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு ஒப்பந்தத்தில் தனி எண் இல்லை. ‘இயற்கைப் பெருக்கம்’ என்பதே அவர்களுக்குப் பெயர். தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் வாசலில் பந்தெறிந்த பிள்ளைகளும் இருந்தனர்.

2003இன் 35ஆம் இலக்கச் சட்டம், அதே 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு வாழ்ந்தோருக்கும் அவர்தம் சந்ததிக்கும் குடியுரிமை அளித்தது. போனவர்களை அது கூட்டி வரவில்லை.

என் மாணவருக்கு அந்த ஒப்பந்தத்தைப் படிப்பிக்கும்போது பேணிப்பந்தையும் சொல்கிறேன். இலட்சக் கணக்கு பரீட்சையோடு மறந்துபோகும். எதிரணிக்கு ஆளில்லாமற் போன வாசல் அவர்களுக்கு எளிதில் விளங்குகிறது.