சோர்வுக்கும் ஓர் அளவுகோல்

காய்ச்சலை அளக்க வெப்பமானி உண்டு. உள்ளத்தின் சோர்வை எதைக் கொண்டு அளப்பது? இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறு சுவையானது.

1932-இல் அமெரிக்க உளவியலார் ரென்சிஸ் லிக்கர்ட் ஓர் எளிய வழி கண்டார். ஒரு கூற்றைத் தந்து, 'முற்றிலும் உடன்படுகிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஐந்து படிகளில் ஒன்றைக் குறிக்கச் செய்தார். படிக்கு ஓர் எண். எண்களின் கூட்டுத்தொகையே மனப்பான்மையின் அளவு.

நியூயார்க்கில் இலவச மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர், ஆர்வத்தோடு வந்த தொண்டர்களே நாளடைவில் களைத்துப் போவதைக் கண்டு, 1974-இல் அதுபற்றி எழுதினார். 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் இருவரும் இச்சோர்வை அளக்க 22 கூற்றுகள் கொண்ட வினாப்பட்டியலை வெளியிட்டனர். உணர்ச்சிக் களைப்பு, பிறரை மனிதராக மதியாத போக்கு, பணியில் நிறைவு என அதற்கு மூன்று கூறுகள். முதலிரண்டும் மிகுந்து மூன்றாவது குறைந்தால் சோர்வு மிகுதி என்று கொள்ளலாம்.

இனி மதுரைக்கு வருவோம். நம் நாட்டில் 2015 முதல் பி.எட். படிப்பு இரண்டாண்டாயிற்று, அதில் 20 வாரம் பள்ளியில் பயிற்சி. நகரிலோ, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்துப் பள்ளியிலோ பகலெல்லாம் பாடம் நடத்திய பயிற்சி மாணவி, இரவில் பாடத்திட்டம் எழுதுகிறாள். இடையே வாட்ஸ்அப் குழுக்களின் அழைப்பு ஓய்வதில்லை. 2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது கைப்பேசியே வகுப்பறையாயிற்று. அப்பழக்கம் முற்றும் விலகவில்லை.

இவள் சோர்வை அளக்கக் கைப்பேசி பார்த்த மணிக்கணக்கு போதுமா? போதாது. மூன்று மணி நேரம் பார்த்தும் தெளிவாக இருப்பவர் உண்டு. அரைமணியில் களைப்பவரும் உண்டு. ஆகவே, 'குழுச் செய்தியைத் திறக்கவே மனம் வருவதில்லை' என்பன போன்ற கூற்றுகளை நல்ல தமிழில் அமைக்க வேண்டும். அவை ஒன்றோடொன்று இசைகின்றனவா என்று காட்ட, லீ கிரான்பாக் 1951-இல் விளக்கிய ஆல்பா எண் உதவும்; அது 0.7-க்குக் குறையாதிருப்பது நன்று. விடைத்தாளில் பெயர் கேட்கலாகாது. கேட்டால் கல்லூரிக்குப் பிடித்த விடையே வரும்.

மற்றொன்றையும் நினைவிற் கொள்ளுங்கள். ஒருமுறை அளந்தால், கைப்பேசியால் சோர்வா, சோர்வால் கைப்பேசியா என்பது விளங்காது. பயிற்சியின் தொடக்கத்திலும் முடிவிலும் அளக்க வேண்டும்.

இது வெறும் எண் விளையாட்டன்று. சோர்ந்த ஆசிரியர் முன் நாளை அமரப்போவது நாற்பது குழந்தைகள். 'இரவு எட்டு மணிக்குமேல் குழுச் செய்தி இல்லை' என்று ஒரு கல்லூரி விதி செய்து, மீண்டும் அளந்து பார்க்கட்டும். எண் குறைந்தால், அளந்ததன் பயன் கிட்டியது எனலாம்.