மணல் செய்த சதி

திருவரங்கத்துக்கு மேற்கே, முக்கொம்பில், காவிரி இரண்டாகப் பிரிகிறாள். வடகிளையான கொள்ளிடம் பள்ளத்தில் நேராக விரையும். மணலையும் வாரிக்கொண்டு போகும். தென்கிளையான காவிரியோ நிதானமாக நடப்பவள். நடை தளர்ந்தால் சுமை இறங்கும் அல்லவா? அவள் இறக்கிய வண்டல் சோழநாட்டு வயலாயிற்று; அவள் இறக்கிய மணலோ அவள் வழியையே மேடாக்கியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தண்ணீரில் பெரும்பங்கு கொள்ளிடத்துக்கே ஓட, தஞ்சைப் பயிர் வாடியது. 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணை கட்டினார். காவிரி பிழைத்தாள்; ஆனால் வெள்ளம் மிஞ்சி அவள் படுகை அரிபடவே, அவள் தலைப்பிலும் ஓர் அணை போட நேர்ந்தது.

2018 ஆகஸ்டில் வெள்ளம் மேலணையின் 9 மதகுகளை அடித்துச் சென்றது. 182 ஆண்டுக் காவலுக்குப் பிறகும் கொள்ளிடம் தன் பள்ளத்தை மறக்கவில்லை.